செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்... பர்ஸைத் திறக்கும் முன் கழுத்தைப் பாருங்கள்!

எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கும், அதன் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோருக்கும் நடுவே பல வீடுகளில் ஒரு சமரசம் நடக்கும். 'செகண்ட் ஹேண்டுல பார்க்கலாம்பா!' என்பதுதான் அது.

நல்ல முடிவுதான். ஆனால், பழைய மிக்ஸி வாங்குவதுபோல சுவிட்ச் போட்டு, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிட முடியாது. மோசமான கிட்டாரில் பழக ஆரம்பிக்கும் பிள்ளைக்கு, தப்பு கிட்டாரிலா தன் விரலிலா என்று தெரியாது. தந்தி எட்டாத உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல்நுனி எரியும். சரியான இடத்தில் பிடித்தாலும் சுதி விலகும். மூன்றே மாதத்தில் கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிடும். 'உனக்கு இதெல்லாம் வராதுன்னு அப்பவே சொன்னேன்ல' என்ற ஒற்றை வரியோடு ஒரு கனவு முடிந்துபோகும். உண்மையில் 'வராமல்' போனது அந்தக் கிட்டாருக்குத்தான்.

எனவே, வாங்கப் போகும் முன் கொஞ்சம் தெரிந்துகொள்வது பணத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

பழையது என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. 1970-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஷோ-பட் என்ற கடையில் கிடந்த பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்களில் ஆறை மொத்தமாக வாங்கினார் எரிக் கிளாப்டன். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகிய நண்பர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மீதி மூன்றையும் பிரித்து, நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து ஒரு கிட்டாராக்கிக்கொண்டார். 'பிளாக்கி' என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டார், 2004-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

பிரித்துச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கிட்டாரை வடிவமைத்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால், ஒரு பொருள் பழுதானால் எப்படிக் கழற்றி மாட்டுவது என்று நன்றாகத் தெரியும். எனவே கழுத்தையே நான்கு ஸ்க்ரூவில் நிற்கும்படி செய்தார்.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதற்கான சூத்திரமும் இதுதான். எதை எளிதாக மாற்றலாம், எதைத் தொட்டால் செலவு எகிறும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பட்ஜெட்டை உடையுங்கள்

கையில் 20,000 ரூபாய் இருந்தால், முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிட்டு வருபவர்கள் அதிகம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆம்ப் இல்லை, கேபிள் இல்லை, பை இல்லை என்று தெரியும். ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம், அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. டி.வி ஸ்பீக்கரிலோ ஹோம் தியேட்டரிலோ நேரடியாகச் சொருகினாலும் சன்னமாக, மங்கலாகத்தான் வரும்.

தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். கிட்டாருக்கு 12,000, சின்ன ஆம்ப்புக்கு 4,500, புதுத் தந்திக்கும் 'செட்டப்' கூலிக்கும் 2,000, கேபிள், பட்டை, பை, பிக் ஆகியவற்றுக்கு 1,500. தொகை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் இதுவாக இருக்கட்டும். ஆம்ப்பில் ஹெட்போன் சொருகும் வசதி இருப்பது முக்கியம். அப்பார்ட்மென்ட்டில் இரவு ஒன்பது மணிக்கும் பயிற்சி செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு உறவும் கெடாது.

எந்தப் பெயரைத் தேடுவது?

ஃபெண்டர் நிறுவனத்தின் சிக்கன விலை பிராண்ட் ஸ்குவையர். கிப்ஸன் நிறுவனத்தின் சிக்கன விலை பிராண்ட் எபிஃபோன். இவற்றோடு யமஹாவின் பசிஃபிகா, ஐபனெஸின் ஜியோ வரிசைகளிலும் ஆரம்பநிலைக்காரர்களுக்கான மாடல்கள் உள்ளன. இந்தப் பெயர்களுக்கு உதிரி பாகம் கிடைக்கும். மறுபடி விற்றாலும் வாங்க ஆள் வரும்.

முதல் கிட்டாருக்கு, பிரிட்ஜ் அசையாமல் நிற்கும் மாடல் நல்லது. லாக்கிங் ட்ரெமலோ எனப்படும் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியின் சுதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். புதிதாகப் பழகுபவர், வாசிக்கும் நேரத்தைவிட சுதி சேர்க்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

வாங்குவது சிறு குழந்தைக்கு என்றால், கழுத்து நீளமும் கவனிக்க வேண்டியது. ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம். ஸ்குவையர் மினி போன்ற சின்ன மாடலில் 22.75 அங்குலம்தான். எட்டு வயதுக் கைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கழுத்துதான் உயிர்

கார் வாங்குபவர் இன்ஜினைப் பார்ப்பதுபோல, கிட்டார் வாங்குபவர் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

தலைப்பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதுபோல உடல்பக்கம் நோக்கினால் இரண்டு ஓரங்களும் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். கயிறு முறுக்கியதுபோல ஒரு பக்கம் திரும்பியிருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முறுக்கிய கழுத்தை நிமிர்த்துவது பெரும் வேலை.

முன்னும் பின்னுமான வளைவு வேறு விஷயம். தடிமனான தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழாவது ஃபிரெட் அருகில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு ரூபாய் நாணயமே நுழைந்தால் வளைவு அதிகம். இதைச் சரிசெய்யக் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. ஆனால், அதன் திருகு தேய்ந்துபோயிருந்தாலோ, இதற்கு மேல் திரும்பாது என்ற நிலையில் இருந்தாலோ, அந்தக் கிட்டாரை விட்டுவிடலாம்.

கிப்ஸன், எபிஃபோன் லெஸ் பால் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். நட்டுக்குப் பின்புறம் மொபைல் டார்ச் அடித்து, தலைமுடி போன்ற கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

132 இடங்கள், ஐந்து நிமிடம்

6 தந்தி, 22 ஃபிரெட். மொத்தம் 132 இடங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்தி வாசித்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்காவது 'டொக்' என்று சத்தம் செத்துப்போகிறதா, இரும்பில் உரசும் ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும். தந்திக்கு அடியில் ஃபிரெட்டில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், ஃபிரெட் மாற்றும் செலவு வரும். சிக்கன விலைக் கிட்டாரில் அந்தக் கூலி, கிட்டார் விலையோடு போட்டி போடும்.

12-வது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே சுமார் 2 மி.மீ இருந்தால் விரலுக்கு இதம். உயரம் அதிகமாக இருந்தால் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகளால் இறக்கலாம். அந்தத் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் தின்பது இவற்றைத்தான்.

அடுத்து, மொபைலில் ஒரு ட்யூனர் ஆப். 12-வது ஃபிரெட்டுக்கு நேராக தந்தியை லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரத்தைக் காட்டினால் நல்லது. கொஞ்சம் விலகினால், புதுத் தந்தி போட்டு பிரிட்ஜை நகர்த்திச் சரிசெய்யலாம். எவ்வளவு நகர்த்தினாலும் சேராது எனும் அளவுக்குத் திருகுகள் எல்லைக்கு வந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

கர்னாடக இசை வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இன்னொரு சோதனை உண்டு. கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகங்களைக் கொண்டுவருவதைக் கேட்டு ஆசை வந்தவர்களுக்கு, தந்தியை இழுத்து வாசிப்பதுதானே முக்கியம்! 12-வது ஃபிரெட்டுக்கு மேல் மெல்லிய தந்தியை ஒரு முழு சுரம் உயரும்வரை இழுத்துப் பார்த்தால், ஓசை நடுவில் அறுபடாமல் நீள வேண்டும்.

சொருகிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

'ஆம்ப் இல்லைங்க, ஆனா நல்லா வேலை செய்யும்' என்று விற்பவர் சொன்னால், ஆம்ப் இருக்கும் இடத்தில் சந்திக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். பிக்கப் சுவிட்ச்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து வாசிக்க வேண்டும். எந்த நிலையிலும் சத்தம் காணாமல் போகக் கூடாது. வால்யூம், டோன் குமிழைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் போதும். கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால், ஜாக்கில் சால்டரிங் விட்டிருக்கும். இரண்டும் சின்னச் செலவு. ஆனால், விலை பேச நல்ல காரணம்!

லேசான இரைச்சல் இருப்பதும், தந்தியைத் தொட்டதும் அது குறைவதும் இயல்பு. தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த் இணைப்பில் கோளாறு. தொட்டதும் 'சுர்'ரென்று கையில் ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள், பிரிட்ஜ், கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. வீட்டு ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்றாலோ, மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டினாலோ, ஆம்ப்பில் ஏற்படும் மின்கசிவு வாசிப்பவர் விரலுக்கு வரும். கிட்டார் வாங்கும் வாரத்திலேயே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பது, வேறெந்தச் செலவைவிடவும் அவசியம்.

போலியும் மோசடியும்

'ஒரிஜினல் கிப்ஸன், 15,000-க்குத் தர்றேன்' என்றால் உஷார். கிப்ஸன் என்ற பெயரோடு வரும் லெஸ் பால் அமெரிக்காவில் தயாராவது. சிக்கன விலைக்கு வாய்ப்பில்லை. தலைப்பகுதியில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டில் அசலில் பொதுவாக இரண்டு ஸ்க்ரூதான். பல போலிகளில் மூன்று. சீரியல் நம்பரைப் படமெடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டுவிடலாம்.

விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும். 'எதுக்கு விக்கிறீங்க?', 'பில் இருக்கா?', 'இதுல எதையாவது மாத்தியிருக்கீங்களா?' சொந்தக் கிட்டாரை விற்பவர் இதற்கெல்லாம் தயங்காமல், சில சமயம் ஆசையாகவே கதை சொல்வார். மழுப்பினால், அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கும் முன் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் அனுப்பக் கூடாது. 'வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர், கூரியர் சார்ஜ் மட்டும் அனுப்புங்க' என்ற கதைக்கு எவ்வளவு பேர் ஏமாந்தாலும் அது பழசாவதில்லை. ஏமாந்துவிட்டால், சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

விலை பேசும்போது...

கீறல், சின்னப் பள்ளம், நிறம் மங்கல், காணாமல் போன குமிழ்: இவை ஓசையைக் கெடுக்காது. விலையை மட்டும் குறைக்கும். அதாவது, வாங்குபவருக்கு லாபம். பழைய தந்தி, கரகரப்பு, ஜாக் கோளாறு: சில நூறு ரூபாய் வேலை, அதைக் கழித்துப் பேசலாம். வேலை செய்யாத பிக்கப், சுழலும்போது நழுவும் ட்யூனிங் கீ: மாற்றலாம், ஆனால் பாகத்தின் விலையை விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முறுக்கிய கழுத்து, தலையில் விரிசல், தேய்ந்த ட்ரஸ் ராட்: 'நன்றி' சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

முடிந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது. கிட்டார் மாஸ்டராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால், வாசிக்கப்போகும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மடியில் வைத்தால் கனக்கிறதா, கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரல் வருகிறதா என்று அந்தக் கைகள்தான் சொல்ல வேண்டும்.

வாங்கியதும் முதல் வேலை, நேராக ரிப்பேர் கடை. புதுத் தந்தி போட்டு, உயரம் இறக்கி, சுதி சரிபார்த்து வாங்கிய பிறகே பிள்ளை கையில் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து வைக்கச் சொல்லிக் கொடுங்கள். அதன் பிறகும் பிள்ளைக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. குறைந்தபட்சம், அது பிள்ளை எடுத்த முடிவாக இருக்கும். மோசமான கிட்டார் எடுத்த முடிவாக இருக்காது.