பறித்து வைத்த கதைப் புத்தகம்

 

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நடைபெறும் மக்தப் வகுப்பில், பதினொரு வயது மாணவி ஒருத்தி ரைஹால் பலகைக்கு அடியில் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து வாசித்துக் கொண்டிருந்தாள். ஓதும் நேரத்தில் கதையா என்று கடிந்துகொண்டு, அந்நூலைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பள்ளி நூலகத்துப் புத்தகம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிரவு இஷாவுக்குப் பின், பிள்ளைகளின் உள்ளத்தைக் கெடுப்பது எதுவென்று அறிந்து பெற்றோரிடம் எடுத்துரைக்கலாம் என்ற எண்ணத்தில் அதைத் திறந்தோம். முடித்துவிட்டு மூடியபோது, கடிந்துகொள்ளப்பட வேண்டியவர் யார் என்பதில் நமக்கு ஐயம் இருக்கவில்லை.

அந்நூல் யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. ஒரு சிறுமியும் அவளோடு பேசும் ஒரு மரப்பாச்சிப் பொம்மையும் வரும் கதை. பெரியவர் ஒருவரின் தீய தொடுதலுக்கு ஆளான குழந்தை, அதை வீட்டில் சொல்வதற்குரிய துணிவைப் பெறுவதே அதன் பொருள். அச்சுறுத்தாமல், அருவருப்பூட்டாமல், ஒரு குழந்தைக்குப் புரியும் சொற்களில் அது எழுதப்பட்டிருக்கிறது. இருபதாண்டுகளாக ஓதிக் கொடுக்கும் நாம், நம்மிடம் வரும் எந்தப் பிள்ளைக்கும் இவ்விஷயத்தை ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக் கொடுத்த நூலையோ பறித்துப் பூட்டி வைத்தோம்.

மறுநாளே நம் இல்லத்தார் வழியாக அம்மாணவியின் தாயாரிடம் பக்குவமாக விசாரித்தோம். அல்ஹம்துலில்லாஹ், அச்சப்படும்படி எதுவும் இல்லை. தோழி சொன்னதைக் கேட்டு எடுத்து வாசித்த புத்தகம்தான். ஆயினும் அந்த ஓர் இரவு நமக்குள் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. நம் பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள் என்பதையே அறியாமல் வாசிக்காதே என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அன்று முதல் கடந்த ஆறு மாதங்களாக, சிறார்க்கும் இளையோர்க்கும் உரிய நூல்களை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறோம். அவ்வாசிப்பின் பயனை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறோம்.

முதலில், நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஓர் ஆட்சேபத்தைப் பார்ப்போம். கதை என்பது பொய், விலங்குகள் பேசுவதாகச் சொல்வது பொய், பொய்யைப் பிள்ளைகளுக்கு ஊட்டலாமா என்பது அது. நாமும் பல ஆண்டுகள் இவ்வாறே சொல்லியிருக்கிறோம். ஆனால் திருமறையின் 12ஆவது அத்தியாயமாகிய யூஸுஃப், வரலாறுகளில் மிக அழகியதைக் கூறுவதாகவே தன்னை அறிமுகம் செய்கிறது. தந்தையின் பாசமும், சகோதரர்களின் பொறாமையும், கிணற்றின் இருளும், சிறையின் பொறுமையும் அங்கே ஒரே தொடராக விரிகின்றன. இறுதியில், அறிவுடையோர்க்கு இவற்றில் படிப்பினை உண்டு என்று அது முடிகிறது. அது உண்மை வரலாறு, மனிதர் புனைந்த கதை வேறு என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும், மனித உள்ளம் நிகழ்ச்சிகளின் வழியாகவே எளிதில் பாடம் பெறுகிறது என்ற உண்மையை அதைவிடத் தெளிவாக உணர்த்துவது வேறெது?

இனி, புனைந்த கதைகளை நம் முன்னோர் எவ்வாறு பார்த்தார்கள்? பஞ்சதந்திரத்தின் வழிவந்த கதைகளை எட்டாம் நூற்றாண்டில் ‘கலீலா வ திம்னா’ என்ற பெயரில் அரபியில் தந்தவர் இப்னுல் முகஃப்பஃ. நரியும் சிங்கமும் பேசும் அந்நூலை அரபுலகம் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸ் தந்த மேதை இப்னு துஃபைல் ‘ஹய் இப்னு யக்ஸான்’ என்ற நூலை எழுதினார். ஆளில்லாத தீவில் பெண்மான் ஒன்றால் வளர்க்கப்படும் சிறுவன், தன் சிந்தனையைக் கொண்டே படைத்தவனை உணரும் கதை அது. 1671இல் அது இலத்தீனில் வெளிவந்து ஐரோப்பியரையும் எட்டியது. நம் தமிழிலும் கிஸ்ஸா, மசலா, நாமா என்று தனி இலக்கிய வகைகளே உண்டு. 1572இல் அரங்கேறிய ‘ஆயிரம் மசலா’ வினா விடையாகவே மார்க்கத்தை விளக்குகிறது. இலங்கையில் சித்தி லெப்பை 1885ஆம் ஆண்டிலேயே ‘அசன்பே சரித்திரம்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். கதையை அஞ்சுவது நம் மரபு அன்று. பிற்காலத்தில் நாமாக வருவித்துக்கொண்ட வழக்கம்.

இனி நாம் வாசித்தவற்றுள் நம்மை மாற்றிய சில நூல்களைக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1981இல் எழுதிய நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமியை, டோக்கியோவில் இரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட மற்றொரு பள்ளிக்கு அவள் தாயார் அழைத்துச் செல்கிறார். அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி, தாயாரை அனுப்பிவிட்டு, சிறுமி சொல்ல விரும்பிய அனைத்தையும் நான்கு மணி நேரம் அமர்ந்து கேட்கிறார். ஒரு முறையும் கொட்டாவி விடவில்லை.

இப்பகுதியை வாசித்தபின் நம்மையே எண்ணிப் பார்த்தோம். மக்தபுக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? பெயர், வாப்பாவின் பெயர், எந்தத் தெரு, எதுவரை ஓதியிருக்கிறாய். நான்கு கேள்விகள், நான்கு மணி நேரம் அன்று, ஒரு நிமிடம். ஆகவே ஒரு முயற்சி செய்தோம். நாள்தோறும் வகுப்பு முடிந்தபின் ஒரு பிள்ளையை மட்டும் இருக்கச் செய்து, பத்து நிமிடம் அவன் பேச, நாம் கேட்டோம். மூன்றாம் வாரத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துகளின் புள்ளிகள் தனக்குத் தெரிவதில்லை என்றான். பே, தே, ஸே மூன்றும் அவன் கண்ணுக்கு ஒன்றே. ஓராண்டாக அவனைக் கவனமில்லாதவன் என்று அனைவர் முன்னிலையிலும் கண்டித்து வந்திருக்கிறோம். அவன் வாப்பா வெளிநாட்டில். உம்மாவிடம் சொன்னால் கண்ணாடிக்குச் செலவாகுமே என்று அவன் மறைத்திருக்கிறான். இப்போது கண்ணாடி அணிந்து ஓதுகிறான். நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு கதைப் புத்தகம் நமக்கு இதைக் கற்பித்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

உண்மையில் இது நமக்குப் புதிய பாடமும் அன்று. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர், தாம் விளையாடிய சிறு குருவி இறந்ததால் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் குன்யாப் பெயரிட்டு மரியாதையாக அழைத்து, அக்குருவியைப் பற்றி விசாரித்தார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ முறை மனனம் செய்வித்திருக்கிறோம். அதைச் செய்துகாட்ட ஜப்பானியத் தலைமையாசிரியர் ஒருவரின் கதை நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது ‘குட்டி இளவரசன்’. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்டது. தமிழில் க்ரியா பதிப்பகம் தந்திருக்கிறது. இதில் வரும் துருக்கி நாட்டு வானியலாளர் ஒருவர் 1909இல் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்து அறிஞர் அவையில் விளக்குகிறார். அவர் உடையைக் கண்டு ஒருவரும் நம்பவில்லை. 1920இல் ஐரோப்பிய உடையில் வந்து அதையே மீண்டும் சொன்னபோது அனைவரும் ஏற்கின்றனர். இப்பகுதியைப் பெரிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினோம். தலைமறைப்போடு பேச்சுப் போட்டிக்குச் சென்றுவந்த மாணவி ஒருத்தி, இது எனக்குத் தெரியும் உஸ்தாத் என்றாள். அதன்பின் அரை மணி நேரம் பிள்ளைகள் தம் அனுபவங்களைப் பேசினார்கள். எத்தனை பயான் செய்திருந்தாலும் அவர்கள் வாயிலிருந்து அச்சொற்களை நாம் வருவித்திருக்க இயலாது.

பதினைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வைக்கம் முஹம்மது பஷீரைப் பரிந்துரைக்கிறோம். 1951இல் மலையாளத்தில் வெளிவந்த ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ தமிழிலும் கிடைக்கிறது. செல்வம் அழிந்த பின்னும், தன் தந்தைக்கு ஒரு பெரிய யானை இருந்தது என்ற பெருமையை விடாத தாய். எழுத்தறியாமல் வளர்ந்து, தோழியின் துணையால் எழுத்துக் கற்கும் மகள் குஞ்ஞுபாத்தும்மா. இறுதியில் தெருப் பிள்ளைகள் அந்த யானையைக் குழியானையாக்கிக் கேலி செய்கின்றனர். பழம்பெருமை பேசியே காலம் கழிக்கும் நம் சமுதாயத்தை நம்மில் ஒருவரே அன்போடு இடித்துரைக்கும் நூல் அது. பாக்தாதையும் கொர்தோபாவையும் மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாமல் வாழும் நமக்கு அது பொருந்தாதா?

மீண்டும் மரப்பாச்சிக்கு வருகிறோம். இத்தகைய செய்திகளைப் பிள்ளைகளிடம் பேசுவது ஹயாவுக்கு, அதாவது நாணத்துக்கு, மாறானது என்று சிலர் கருதுகின்றனர். அன்பர்களே, ஹயா என்பது தீமையைச் செய்ய நாணுவது. தீமைக்கு ஆளானதைச் சொல்ல நாணுவது அன்று. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி பெற்றே பெற்றோரின் அறைக்குள் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. பத்து வயதானால் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உடலின் மரியாதையைச் சிறு வயதிலேயே கற்பித்த மார்க்கம் இது. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், ஓதிக் கொடுக்கும் நாம் என எவராயினும், தவறாகத் தொட்டால் உடனே உம்மாவிடமோ வாப்பாவிடமோ சொல் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைப்பது அமானிதத்தைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் நம் மக்தபின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அவ்வரியில் ஆசிரியர் என்ற சொல்லைச் சேர்க்க நிர்வாகிகளில் சிலர் தயங்கினார்கள். அச்சொல் இல்லாவிட்டால் அந்தத் தாளே வேண்டாம் என்று நாம் நின்றோம்.

கிடைத்ததையெல்லாம் வாசிக்கக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வன்முறையை இன்பமாக்கும் நூல்களும், வயதுக்கு ஒவ்வாத காதல் கதைகளும் உண்டு. ஈமானுக்கு முரணான கருத்துகள் வரும் இடங்களும் உண்டு. அதற்கு மருந்து, புத்தகத்தைப் பறிப்பது அன்று. முதலில் நாம் வாசிப்பது, பின்னர் பிள்ளையோடு அமர்ந்து பேசுவது. கேட்கத் தகுந்தவர் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்த பிள்ளை எதையும் ஒளித்து வாசிக்காது. மேலும், கைபேசியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் சந்தேகிப்பது எவ்வகை நியாயம்?

ஒரு குறையும் நம் நெஞ்சில் நிற்கிறது. நாம் வாசித்த தமிழ்ச் சிறார் நூல்களில் நம் வீட்டுப் பிள்ளையைத் தேடினோம். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வரிசையில் நிற்கும் சிறுவனையும், முதல் நோன்பை அஸர் வரை தாக்குப்பிடித்த சிறுமியையும், நன்னியின் மடியில் துஆ கற்கும் குழந்தையையும் அவற்றில் நாம் காணவில்லை. எழுதாதவர்கள் நாம், பிறரைக் குறை சொல்ல இயலாது. நம் ஆலிமாக்களும் பட்டதாரிச் சகோதரிகளும் இப்பணிக்கு முன்வர வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் மக்தபில் ஓர் அலமாரியைச் சிறார் நூல்களுக்கு ஒதுக்கட்டும். பெருநாள் காசோடு ஒரு புத்தகமும் கொடுங்கள். இஷாவுக்குப் பின் இருபது நிமிடம் கைபேசிகளை ஓரம் வைத்துவிட்டு வாப்பாவோ உம்மாவோ உரக்க வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் தாம் கேட்ட கிஸ்ஸாவைச் சொல்லட்டும். ஓதுவீராக என்ற கட்டளையோடு வஹீ தொடங்கிய உம்மத்துக்கு இது பாரமாகாது.

அந்நூலை நான்காம் நாளே அம்மாணவியிடம் திருப்பிக் கொடுத்து, பறித்தது எம் தவறு என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னோம். ஓதும் நேரத்தில் ஓதல், அதன்பின் கதை என்று உடன்படிக்கையும் செய்துகொண்டோம். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, முடிவு வரை வாசித்தீர்களா உஸ்தாத் என்று கேட்டாள். வாசித்தோம் என்றோம். எனக்குச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் இருபது பக்கம் இருக்கிறது என்றாள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் வல்ல இறைவன் வழங்குவானாக! ஆமீன்.