ஓடையோரத்து வெண்மலர்



அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில், பனி உருகி ஓடும் ஓடைகளின் கரைகளில் கோடைதோறும் வெண்மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. தொலைவிலிருந்து காண்போருக்கு யாவும் ஒன்றே. அருகில் சென்று நோக்கினாலோ வெவ்வேறு.

முதலில் இதழ்களை எண்ணுங்கள். நான்கு இதழ்கள் கூட்டல் குறிபோல் அமைந்து, தண்டு நெடுகிலும் இதய வடிவ இலைகள் இருப்பின், அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹார்ட்லீஃப் பிட்டர்கிரெஸ்'. ஐந்து இதழ்களும், செடியின் அடியில் மட்டும் பல்விளிம்புடைய வட்ட இலைகளும் இருப்பின், 'புரூக் சாக்ஸிஃப்ரேஜ்'. ஒரு காம்பில் ஒரே பெரிய பூ, நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் எனில், 'மார்ஷ் மாரிகோல்ட்'. அதில் இதழ்களாகத் தோன்றுபவை உண்மையில் புல்லிகளே.

குடை விரித்தாற்போல் சிறுபூக்கள் திரண்டிருப்பின் விலகி நில்லுங்கள். கொடிய நஞ்சுடைய 'வாட்டர் ஹெம்லாக்' அவ்வாறே பூக்கும். அதன் கிழங்கைச் சிறிதளவு உண்டாலும் வலிப்புக் கண்டு உயிர் பிரியக்கூடும். உண்ணத்தக்க காட்டுக் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உளர்.

ஆகவே, நிறத்தை மட்டும் கண்டு பெயர் சூட்டாதீர்கள். பூ, இலை, தண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பறிக்காமலும் சுவைக்காமலும் பாருங்கள். பிள்ளைகளுக்கும் இதனையே கற்பியுங்கள்.