பார்த்து நிற்பவரின் கடமை

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் 1997ஆம் ஆண்டில் பகிடிவதைக்குள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து உயிர் நீத்ததையும், மறு வருஷமே 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியதையும் நம்மிற் பலர் அறிவர். பகிடிவதையிற் பங்குகொள்வோருக்கு இரண்டு வருஷம் வரையும், அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவிப்போருக்குப் பத்து வருஷம் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. ஆனால், இத்தகைய கொடுமை நிகழ்கையிற் சூழ நின்று பார்த்திருப்பவர்கள் செய்யக்கூடியது யாது என்ற கேள்வியை நாம் அதிகமாய்க் கேட்பதில்லை.

அவர்களெல்லாம் ஈரமற்ற நெஞ்சினர் என்று சபித்துவிடுவது சுலபம்; ஆனால் அது நியாயமாகாது. 1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்னும் உளவியலாளர் இருவர் நியூயோர்க்கிற் கல்லூரி மாணவரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், வேற்றறையில் ஒருவர் வலிப்புற்றுத் தவிக்கும் குரலைத் தாம் மட்டுமே கேட்பதாக எண்ணியவர்களுள் நூற்றுக்கு 85 பேர் அக்குரல் ஓய்வதற்கு முன்பே உதவி தேடி எழுந்தனர். தம்மோடு இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று எண்ணியவர்களிலோ நூற்றுக்கு 31 பேரே எழுந்தனர். கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு யாருக்கும் உரியதல்லாததாகிவிடுகிறது.

அதற்காகத் தனியொருவர் மார்தட்டி முன்னே பாய வேண்டுமென்று நான் சொல்லேன். பகிடிவதையை எதிர்த்துப் பிரசாரம் செய்த ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மாணவர் சமந்த விதானகே 2002ஆம் ஆண்டில் தாக்குண்டு மாண்டார் என்ற துயர சரித்திரம் நம் கண்முன் நிற்கிறது. தைரியத்திற்கு விவேகம் துணையாக வேண்டும். கும்பலின் நடுவில் நிற்கும் புதுமுக மாணவனை நோக்கி, "தம்பி, விடுதிப் பொறுப்பாளர் உன்னைத் தேடுகிறார், வா" என்று கூப்பிட்டு அழைத்துச் சென்றால், வாதமுமில்லை, அடிதடியுமில்லை. இது வள்ளுவரே அனுமதித்த வகைப் பொய். ஹட்டனிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெரிசலான பஸ்ஸில் ஒரு மாணவி தொந்தரவுக்குள்ளாவதைக் கண்டால், குற்றவாளியோடு மல்லுக்கு நிற்பதைவிட, "தங்கச்சி, இங்கே வந்து உட்காருங்கள்" என்று இடங்கொடுத்து, அருகிலிருப்பவரிடம் விஷயத்தைச் சொல்லித் துணை சேர்த்துக்கொண்டு நடத்துநரிடம் முறையிடுவது மேல். குடிவெறியோ ஆயுதமோ தென்பட்டால் விலகி நின்று பொலிஸின் 119 இலக்கத்துக்கு அறிவிப்பதில் யாதொரு கோழைத்தனமும் இல்லை. நேரத்தையும் பஸ் இலக்கத்தையும் குறித்து வைப்பது சாட்சிக்கு உதவும். படம் பிடித்து முகநூலில் ஏற்றுவதோ பாதிக்கப்பட்டவரை மறுபடியும் சந்தியில் நிறுத்துவதாகும்.

மலையகத்து மாணவர் விஷயத்தில் இக்கடமை இன்னும் கனமானது. விடியற்காலையிற் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்க்கும், வேறூரிற் கூலி வேலை செய்யும் தந்தைக்கும் பிறந்து, லயத்து அறையொன்றில் மின்விளக்கடியிற் படித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் பெண், அங்கே தனக்கு நேர்ந்ததை வீட்டுக்குச் சொல்வாளா? சொன்னால், "படித்தது போதும், வந்துவிடு பிள்ளை" என்பார்களே என்று அஞ்சி, அழுகையை விழுங்கிக்கொண்டு தொலைபேசியில் "நல்லா இருக்கிறன் அம்மா" என்பாள். முறைப்பாட்டைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித்தர வேண்டியிருந்தால் அவள் தயக்கம் இரட்டிப்பாகும். பக்கத்திலிருந்து கண்டவர் வாய் திறவாவிட்டால் அவளுக்கு வேறு சாட்சியே கிடையாது. அவளுடைய விருப்பத்தை முதலிற் கேட்டறிந்து, மாணவர் ஆலோசகரிடம் கூடவே நடந்து சென்று, முறைப்பாட்டை எழுதவும் கைகொடுப்பது, கொடுமை நடந்து முடிந்தபின் செய்யும் தலையீடு. அபாயம் மிகக் குறைந்ததும், பெரும்பாலும் நாம் மறந்துவிடுவதும் அதுவே.

"நாங்களும் பட்டுத்தானே வந்தோம்" என்று சம்பிரதாயம் பேசும் சிரேஷ்ட மாணவரின் வாதம் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. பட்டறிந்தவர்களே பிறர் படாமற் காக்க வேண்டியவர்கள்; ஆகவே நுவரெலியாவிலும் ஹட்டனிலுமிருந்து முன்னரே பல்கலைக்கழகம் புகுந்துள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் விண்ணப்பம் இதுதான்: புதியவர்கள் வந்து சேரும் முதல் வாரத்திலேயே நம்மூர்ப் பிள்ளைகளைத் தேடிச் சென்று, உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, எந்த நடுநிசியிலும் கூப்பிடலாம் என்று சொல்லி வையுங்கள்.