கடையில் கணக்கு, வயலில் மட்டும் நம்பிக்கையா?

கடைக்குப் புதிய சரக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் இரண்டு பெட்டி எடுத்து வைத்துப் பார்க்கிறோம். விற்றால்தான் அடுத்த ஓடர். ஆனால் வயலுக்குப் போனால், யாரோ நல்லதென்று சொன்ன திரவப் பசளையைப் பத்து ஏக்கருக்கும் அடித்து விடுகிறோம். விளைந்தால் பசளைக்குப் பெருமை, விளையாவிட்டால் மழைக்குப் பழி. உண்மைக் காரணம் யாருக்கும் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் செய்யும் மாற்றத்தின் விலையை நாடே 2021 இல் கண்டது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நட்டம் விவசாயியின் தலையில்.

இங்கிலாந்தின் ஜோன் லோஸ் பசளை வியாபாரி. 1842 இல் சுப்பர் பொஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். அவரே 1843 இல் ரொதம்ஸ்டட்டிலிருந்த தன் சொந்தப் பண்ணையின் கோதுமை வயலைத் துண்டுகளாக்கிப் பரிசோதனை தொடங்கினார். ஒரு துண்டுக்குப் பசளையே இடவில்லை. அத்துண்டு இன்றும் அப்படியே விதைக்கப்படுகிறது. பசளை விற்றவருக்கே பசளையில்லாத துண்டு தேவைப்பட்டது என்றால், வாங்கும் நமக்குத் தேவையில்லையா?

இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அருகருகே உள்ள, ஒரே மாதிரியான இரண்டு வரவைகளை ஒரு சோடியாக எடுங்கள். இப்படி நான்கு சோடிகளாவது வேண்டும். ஒவ்வொரு சோடியிலும் எதற்குப் புதிய பசளை என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானியுங்கள். நல்ல வரவைக்கே புதியதைக் கொடுக்கும் ஆசை அப்போது எழாது. விதைநெல், விதைக்கும் நாள், களைநாசினி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் பாயாதபடி வரம்பைக் கட்டுங்கள். அறுவடையில் இயந்திரம் எல்லாவற்றையும் கலந்துவிடும். எனவே ஒவ்வொரு வரவையின் நடுவிலும் ஒரே அளவு இடத்தைக் கையால் அறுத்து, ஒரே அளவு காயவைத்து, தனித்தனியே நிறுத்து எழுதுங்கள்.

நான்கு சோடியிலும் புதியதே முந்தினால் கவனிக்கத்தக்கது. இரண்டில் முந்தி இரண்டில் பிந்தினால் அது வயலின் வித்தியாசமே. முந்தினாலும், கூடிய நெல்லின் விலை பசளைச் செலவையும் கூலியையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒரு போகத்தை நம்பிவிடாமல் அடுத்த போகமும் செய்யுங்கள்.

செலவு ஒரு தராசும் ஒரு கொப்பியும்தான். கடையில் கணக்கெழுதும் கைக்கு இது புதிய வேலையல்ல.