நோம்பி போட்டோவுக்கு கட்டுச்சோறே போதும்

நோம்பி போட்டோ, பழைய கல்யாண போட்டோ, கிணறு வெட்டினப்ப எடுத்தது, ஆடு மாடு எல்லாத்தையும் ஒரே இடமா இணையத்துல ஏத்தி வைக்கணும்னு எங்க ஊர்ப் பசங்க கிளம்பியிருக்காங்க. நல்ல காரியமுங்க. ஆனா எப்படி வைக்கிறதுங்கிறதுல ரெண்டு கட்சி ஆயிருச்சு. டைனமிக் பக்கமா செய்யணும்னு ஒரு கட்சி, ஸ்டேட்டிக் பக்கமே போதும்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. ஏன்னு சொல்றேன்.

வித்தியாசம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேட்டிக்ங்கிறது கட்டுச்சோறு மாதிரி. பக்கத்தை நம்ம கம்ப்யூட்டர்லயே முழுசா செஞ்சு, சின்னப் படம் பெரிய படம் எல்லாம் சேர்த்து சர்வர்ல வச்சிடறோம். யார் கேட்டாலும் சர்வர் அந்த ஃபைலை அப்படியே எடுத்து நீட்டும். டைனமிக்ங்கிறது ஓட்டல் தோசை. ஆள் வந்து கேட்கும்போதுதான் பிஎச்பி மாதிரி ஒரு நிரல் ஓடி, டேட்டாபேஸ்ல தேடி, பக்கத்தை அப்பவே சுட்டுக் கொடுக்கும்.

டைனமிக் கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பிவிகோ மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டா, போன்ல இருந்தே படம் ஏத்தலாம். பேர் போட்டுத் தேடலாம். திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கிற பசங்க படத்துக்குக் கீழ கருத்து எழுதலாம். குடும்பத்துக்கு மட்டும்னு பாஸ்வேர்டு வைக்கலாம். இதெல்லாம் ஸ்டேட்டிக்ல சுலபமா வராது. ஒத்துக்கிறேன்.

ஆனா ஓட்டல் நடக்கணும்னா மாஸ்டர் தினமும் வரணுமில்லீங்களா? ஊர்ல அந்த மாஸ்டர் யாரு? படிச்ச பையன் ஒருத்தன். அவனுக்கு வேலை கிடைச்சா போயிடுவான். போகணும், அதுக்குத்தானே படிக்க வச்சோம்.

போன தை மாசம் எங்க வளவுல ஒரு பெரியவர் தவறிட்டார். நோம்பியில கம்பம் போட்டா மொத ஆளா இறங்கி ஆடுறவர். காரியத்துக்கு பிளெக்ஸ் அடிக்க ஒரு நல்ல படம் வேணும்னு வீட்டுல தேடுனாங்க, கிடைக்கலை. பழைய நோம்பி ஆல்பத்துல அவர் ஆடுற படம் அருமையா இருந்தது எல்லாருக்கும் ஞாபகம். திறந்து பார்த்தா வெள்ளைப் பக்கம், அதுல இங்கிலீஷ்ல ஒரு வரி, டேட்டாபேஸ் பிழைன்னு. அதைச் செஞ்ச பையன் வெளிநாட்டுல இருக்கான். அவனைப் பிடிச்சுக் கேட்டா அவனுக்கே பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. படம் சர்வர்ல எங்கயோ கிடந்திருக்கும், எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில அடையாள அட்டையில இருந்த மங்கலான படத்தைப் பெருசாக்கி வச்சாங்க. அவர் பேரன் அதைப் பார்த்து, “இது தாத்தா மாதிரியே இல்லையே”ன்னான்.

இதுல அந்தப் பையனைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. டைனமிக்கோட சுபாவமே அது. 2015 டிசம்பர்ல பிஎச்பி 7 வந்தப்ப, அதுவரைக்கும் பல பேரு டேட்டாபேஸைத் தொட பயன்படுத்தின பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை எடுத்துட்டாங்க. சர்வர்ல புதுசு ஏறின அன்னிக்கு, பழசை நம்பி எழுதின ஆல்பம் நின்னுபோகும். புதுசு ஏத்தாம விட்டா, ஓட்டை வழியா கண்டவன் உள்ளே புகுந்திடுவான். ரெண்டுக்கும் ஆள் காவல் இருக்கணும்.

ஸ்டேட்டிக் பக்கத்துக்கு அந்தக் காவல் வேண்டியதில்லை. 1991ல செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல டிம் பெர்னர்ஸ் லீ போட்ட முதல் வலைத்தளம் வெறும் ஸ்டேட்டிக் பக்கங்கள்தான். 2013ல அதைப் பழைய முகவரியிலயே திரும்ப வச்சாங்க. இன்னிக்கும் உங்க போன்லயே திறந்து படிக்கலாம்.

இடம் பத்துமான்னு கேட்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. போன்ல எடுத்த படம் ஒண்ணு 3, 4 எம்பி இருக்கும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைச்சா ஏறக்குறைய 400 கேபியில அடங்கிடும். 1000 படம் வச்சாலும் 400 எம்பிதான். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்துல ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரைக்கும் தர்றாங்க. பக்கம் செய்ய நிரல் எழுதத் தெரியணும்னும் இல்லை. டிஜிகாம் மென்பொருள்ல படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தா, எச்டிஎம்எல் ஆல்பமா அதுவே ஆக்கிக் கொடுத்திடும்.

இதைவிட முக்கியமான ஒண்ணு. அந்த ஆல்பம் ஒரே ஃபோல்டர்தான். பென் டிரைவ்ல போட்டு அஞ்சு வீட்டுல கொடுத்து வைக்கலாம். ஹோஸ்டிங் போனாலும், இணையமே இல்லைன்னாலும், கம்ப்யூட்டர்ல செருகி ஃபைலைத் தட்டினா திறக்கும். விதைநெல்லை ஒரே வீட்டுல வைக்க மாட்டோம்ல, அந்த மாதிரி. டேட்டாபேஸை நம்பின ஆல்பத்தை அப்படித் தூக்கிட்டுப் போய் வச்சிட முடியாது.

கருத்து எழுத வழி இல்லையேன்னா, அது வாட்ஸ்அப் குழுவுல நடக்கட்டும். படத்தை அங்க போட்டு, “இது யாரு, எந்த வருசம்?”னு கேளுங்க. வர்ற பதிலை ஒருத்தர் உக்காந்து படத்துக்குக் கீழ எழுதிச் சேர்க்கட்டும். நோம்பி முடிஞ்சா அந்த வருச ஆல்பம் முடிஞ்சது. தினமும் மாறப் போறதில்லை. மாறாத ஒண்ணுக்கு எதுக்குங்க தினமும் அடுப்பு மூட்டணும்? மார்க்கெட் விலை, வாய்க்கால்ல தண்ணி விடற தேதி மாதிரி மாறிக்கிட்டே இருக்கிறதுக்கு டைனமிக் வச்சுக்கோங்க, நான் வேண்டாங்கலை.

ரெண்டு எச்சரிக்கை மட்டும். இப்படிப் போடறதை உலகமே பார்க்கும். அதனால வீட்டுப் பொண்ணுங்க படம், குழந்தைங்க படம் எல்லாம் கேட்காம ஏத்தாதீங்க. அதெல்லாம் பென் டிரைவ் ஆல்பத்தோட நிக்கட்டும். அடுத்தது, போன் படத்துக்குள்ள எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் குறிப்பு ஒளிஞ்சிருக்கும். படத்தைச் சின்னதாக்கும்போதே அதையும் அழிச்சிடுங்க. தோட்டத்து வீட்டுல தனியா இருக்கிற பெரியவங்களோட இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்.

கட்சி எதுவா இருந்தாலும் பசங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். சர்வர் வாங்கறதுக்கு முன்னால, இந்த ஞாயித்துக்கிழமை எழுபது தாண்டினவங்க நாலு பேர்கிட்ட படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, பேர் எழுதி வாங்குங்க. படத்தை இன்னொரு பிரதி எடுத்துக்கலாம். படத்துல இருக்கிறது யாருன்னு சொல்றவங்க இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் நம்மகூட இருப்பாங்க.