கோட்டைக்குள் ரூம் வேண்டாம்

எங்கள் மயிலாப்பூர் வாக்கிங் கோஷ்டி பன்னிரண்டு பேர் ஜெய்சல்மேர் கிளம்புகிறோம். கோட்டைக்குள்ளேயே ரூம் போடணும் என்று பாதிப் பேர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கூடாது என்கிறேன் நான்.

ராவல் ஜெய்சல் 1156-ல் எழுப்பிய கோட்டை. இன்றும் உள்ளே குடித்தனங்கள் உண்டு. அந்தக் காலத்தில் கீழேயிருந்து குடத்தில் சுமந்த தண்ணீர். ஒரு சொட்டு வீணாகாது. இப்போது குழாய், ஷவர், ஃப்ளஷ். சாக்கடை கசிந்து அடிமண்ணை ஊறவைக்கிறது. மதில் சில இடங்களில் சரிந்தே விட்டது. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் கசிவை அடைக்குமா?

"காசு கொடுக்கிறோம், குளிக்கக் கூடாதா சார்?" என்கிறார் ஒரு நண்பர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று, அரை வாளியில் குளித்தவர் இவர்!

அங்கிருப்பவர்கள் பிழைப்பு என்னாவது என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. பகலெல்லாம் மேலேயே சுற்றுவோம். ஜைனக் கோயில்களைப் பார்ப்போம், அங்கேயே சாப்பிடுவோம், பேரம் பேசாமல் நாலு சாமான் வாங்குவோம். ராத்திரிக்கு மட்டும் கீழே இறங்கிவிடுவோம். அந்தப் பொன்னிறக் கோட்டை முழுசாகத் தெரிவதும் கீழேயிருந்துதானே!

ரூம் போடும் பொறுப்பு என் கையில் இருக்கிறது. விட்டுக்கொடுப்பதாக இல்லை.