மதிலை இடிக்க வேண்டா, திட்டிவாசல் போதும்

கல்வி உதவித்தொகைக்கான இணையவழி விண்ணப்பத்திற்கு அன்று இறுதி நாள். மாலை நான்கு மணியளவில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் நம் துறைக்குள் விரைந்து வந்தார். படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் நிரப்பி, வருமானச் சான்றையும் வங்கிக் கணக்கேட்டின் முதற் பக்கத்தையும் ஏற்றி முடித்தாயிற்று. 'சமர்ப்பிக்க' என்னும் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒரு வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தது. பிழை என்றும் கூறவில்லை. பெற்றுக்கொண்டோம் என்றும் கூறவில்லை. உடன்வந்த நண்பர்களுள் ஒருவர், "சர்வர் டவுன்" என்றார். மற்றொருவர், "செட்டிங்கில் இருக்கும் பாதுகாப்பையெல்லாம் எடுத்துவிடு, தானே போய்விடும்" என்றார். மூன்றாமவரோ, கடைத்தெருவிலுள்ள பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அவர்களே முடித்துத் தந்துவிடுவார்கள் என்றார்.

விண்ணப்பம் நின்றுபோகும்போதெல்லாம் நம் மாணவர்க்குக் கிடைக்கும் அறிவுரைகள் இம்மூன்றே. முதலாவது சில வேளைகளில் உண்மை. மற்ற இரண்டும் தீங்கு பயப்பன என்பது நம் கருத்து. ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக மதிலை இடிப்பார் உண்டோ? பெரிய வாயிற்கதவுகளில் ஒருவர் மட்டும் நுழையத்தக்க திட்டிவாசல் ஒன்றை நம் முன்னோர் அமைத்தது எதற்காக? இணையத்தின் காவல்களிலும் அத்தகைய திட்டிவாசல்கள் உள்ளன. அவற்றைத் தேடும் பொறுமைதான் இறுதி நாளன்று நம்மிடம் இருப்பதில்லை.

காவல் எங்ஙனம் வந்தது என்பதை முதலில் அறிதல் நன்று. ஓர் இணையதளம் ஒரு பக்கத்தைக் கொடுத்தவுடன், கேட்டவர் யார் என்பதை மறந்துவிடும். வலையின் அடிப்படை ஒழுங்கே அதுதான். முதற் பக்கத்தில் உள்நுழைந்தவரே இரண்டாம் பக்கத்தையும் கேட்கிறார் என்று தளம் அறிய ஓர் அடையாளம் வேண்டும். 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பார் அதற்கென வகுத்ததே 'குக்கி'. காலணிகளை விட்டுச் செல்லுமிடத்தில் எண் பொறித்த வில்லை ஒன்றைத் தருகிறார்களல்லவா, அதனைப் போன்றது அது. வில்லை இருந்தால்தான் காலணி திரும்பக் கிடைக்கும்.

நாம் சென்ற தளம் தரும் வில்லையால் தீங்கில்லை. ஆயின், அத்தளத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிறுவனமும் தன் வில்லை ஒன்றை நம் கையில் திணித்துவிடுகிறது. அதே நிறுவனம் ஆயிரம் தளங்களில் ஒட்டிக்கொண்டிருக்குமாயின், நாம் காலையில் படித்த செய்தி, நண்பகலில் தேடிய மருந்து, இரவில் பார்த்த துணி அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதிவைக்க அதனால் இயலும். இதனைத் தடுக்கவே உலாவிகள் காவல் ஏற்படுத்தின. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி, 2020 மார்ச்சு முதல் அயல் தளக் குக்கிகளை முற்றிலும் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 சூன் முதல், ஒரு தளத்தில் பெற்ற குக்கியை மற்றொரு தளத்தில் காட்ட இயலாதவாறு தனித்தனிப் பேழைகளில் அடைத்தது. கூகுளின் குரோம் உலாவி இவ்வகைக் குக்கிகளை ஒழிப்பதாக 2020 சனவரியில் அறிவித்து, பன்முறை தள்ளிவைத்து, 2024 சூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனினும் குரோமின் மறைநிலைச் சாளரத்தில் அவை இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. ஒரே விண்ணப்பம் ஒருவர் கைப்பேசியில் செல்வதும் மற்றவர் கைப்பேசியில் நிற்பதும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டால் விளைவதேயன்றி, ஒருவரின் நற்பேற்றாலும் மற்றவரின் தீப்பேற்றாலும் அன்று.

குறையில்லாத விண்ணப்பம் ஏன் இக்காவலில் அகப்பட்டுக்கொள்கிறது? நம் கண்ணுக்கு ஒரே பக்கமாகத் தோன்றும் படிவம், உண்மையில் பல வீடுகளின் கூட்டு. படிவம் ஒரு முகவரியிலிருந்து வருகிறது; எதிரிலிருப்பவர் மனிதர்தாமா என வினவும் கேப்சா மற்றொன்றிலிருந்து வருகிறது; கட்டணம் வாங்கும் பக்கம் மூன்றாவதொன்றிலிருந்து வருகிறது. காவலனுக்கு நல்லவர், தீயவர் என்ற வேறுபாடு தெரியாது. சொந்தத் தளம், அயல் தளம் என்பதும், தன் பட்டியலில் உள்ளது, இல்லாதது என்பதுமே தெரியும். எனவே விளம்பரக்காரனைத் தடுக்கும் கை, சிலபோது கட்டணக்காரனையும் தடுத்துவிடுகிறது.

இனி, தடை எங்கே என்று எவ்வாறு கண்டறிவது? எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாமல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். முதலில் பாதையா, கருவியா எனப் பிரித்தறிக. கல்லூரி வைஃபையில் நிற்கும் படிவத்தை, அதே கைப்பேசியில், அதே உலாவியில், சொந்த மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்கலாம். இப்போது சென்றால் கைப்பேசியில் குற்றமில்லை. கல்லூரி வலையமைப்பின் வடிகட்டியே தடுத்திருக்கிறது. அப்போதும் நின்றால், உலாவியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வேறு உலாவியில் சென்றால் முதல் உலாவியின் காவலோ, அதில் பொருத்திய விளம்பரத் தடுப்பானோ காரணம் எனத் தெளியலாம். அதன்பின் அந்த உலாவியின் முகவரிப் பட்டைக்கு அருகிலுள்ள கேடயச் சின்னத்தையோ தள அமைப்புகளையோ திறந்து, அந்த ஒரு தளத்திற்கு மட்டும் இசைவு தரலாம். ஏனைய தளங்களுக்குக் காவல் முன்போலவே நிற்கும். நாம் கூறிய திட்டிவாசல் இதுவே.

'மறைநிலையில் போட்டுப் பார்' என்னும் அறிவுரை பாதி நல்லது. குரோமின் மறைநிலையில் விளம்பரத் தடுப்பான் முதலிய நீட்சிகள், நாம் தனியே இசைவு தந்தாலன்றி இயங்கமாட்டா. ஆகவே அங்கே படிவம் சென்றால் தடுப்பானே காரணம் என ஐயுறலாம். ஆனால் அங்கு அயல் தளக் குக்கிகள் தடுக்கப்படுவதால், நல்ல படிவமும் அங்கே நிற்கக்கூடும். 'ஹிஸ்டரி முழுவதையும் அழித்துவிடு' என்னும் அறிவுரையோ இறுதி நாளன்று கேட்கவே கூடாதது. அது எல்லாத் தளங்களிலிருந்தும் நம்மை வெளியேற்றும். பாதி நிரப்பிய படிவமும் அதனோடு போகலாம். வேண்டுமாயின் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழித்தல் தகும்.

சிறு தடைகளும் உண்டு. ஒப்புகைச் சீட்டு புதுச் சாளரத்தில் திறக்கும். பாப்-அப் தடுப்பு அதனை மறைத்துவிடும். விண்ணப்பம் போகவில்லை என்று மாணவர் மீண்டும் நிரப்பத் தொடங்குவார். நேரடி ஒளிப்படம் கேட்கும் படிவத்தில் கேமராவுக்கு ஒருமுறை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், உலாவி அதனை நினைவில் வைத்துப் பின் கேட்பதேயில்லை. கைப்பேசியின் தேதி தவறாயிருந்தால் நல்ல தளத்தையும் 'பாதுகாப்பற்றது' என உலாவி மறுக்கும். தேதியைத் திருத்தினால் போதும். தேதி சரியாயிருந்தும் அவ்வெச்சரிக்கை வருமாயின், அதனை மீறி ஒருபோதும் உள்ளே செல்லற்க. ஏனைய காவல்களை ஒரு தளத்திற்காகத் தளர்த்தலாம், இதனைத் தளர்த்தலாகாது.

அந்த மாணவர்க்கு நேர்ந்தது வேறு. வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாற்றியும், உலாவியை மாற்றியும் வட்டம் சுழல்வது நிற்கவில்லை. உலாவிக்கும் கீழே ஒரு காவல் இருத்தல் வேண்டும் என்று கருதி, கைப்பேசியின் வலையமைப்புப் பகுதியைத் திறந்தோம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், 'தனிப்பட்ட டி.என்.எஸ்.' என்னும் அமைப்பு அங்கே இருந்துவருகிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித்தரும் பணியே டி.என்.எஸ். அப்பணியை நாம் விரும்பும் ஒரு நிறுவனத்திடம், பிறர் ஒட்டுக்கேட்காவண்ணம் ஒப்படைக்க இவ்வமைப்பு உதவும். மாணவரின் அண்ணன், விளம்பரத் தொல்லை ஒழியட்டும் என்று, விளம்பர முகவரிகளை மறுக்கும் ஒரு சேவையின் பெயரை அங்கே எழுதிவைத்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். படிவம் எதிர்பார்த்துக் காத்திருந்த ஏதோவொரு துணைக்கோப்பு அப்பட்டியலில் அகப்பட்டிருக்க வேண்டும். அமைப்பைத் 'தானியங்கு' நிலைக்கு மாற்றினோம். நான்கு நாற்பதுக்கு ஒப்புகை எண் வந்தது. மீண்டும் அண்ணன் எழுதிவைத்தபடியே மாற்றிக் கொடுத்தோம்.

இவ்வமைப்பைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். அங்கே ஒரு சேவையின் பெயரை எழுதிவிட்டால், கைப்பேசி அச்சேவையன்றி வேறெதனையும் ஏற்பதில்லை. அச்சேவைக்குச் செல்லும் 853 என்னும் வழியைச் சில நிறுவன வலையமைப்புகள் அடைத்துவைக்கின்றன. அப்போது வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும். இணையம் மட்டும் இராது. விடுதி மாணவர் பலர் வைஃபையைப் பழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

வளைகுடா நாடுகளிலுள்ள தந்தையர் தம் பிள்ளைகளுக்காக அங்கிருந்தே படிவம் நிரப்ப முயல்வதை நாம் அறிவோம். நம் நாட்டு அரசுத் தளங்களுள் சில, வெளிநாட்டு முகவரியிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதில்லை. தந்தைக்குப் பக்கமே திறக்காது. மகன் பொய் சொல்கிறான் என்றுகூட எண்ணத் தோன்றும். இங்கிருந்துகொண்டே வி.பி.என். இயக்கும் மாணவர்க்கும் இதே நிலைதான். அவர் திருச்சியில் அமர்ந்திருந்தாலும் தளத்தின் கண்ணுக்குச் சிங்கப்பூரிலோ செர்மனியிலோ இருக்கிறார். படிவம் முடியும்வரை அதனை நிறுத்திவைத்தால் போதும்.

மாணவர் என்ன செய்தும் தீராத தடைகளும் உள்ளன. அவற்றுக்கும் மாணவரையே குறை கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. 2020-இல் குரோம் மற்றொரு விதியைப் புகுத்தியது: அயல் தளத்திலிருந்து படிவமாக அனுப்பப்படும் கோரிக்கையோடு, தளம் வெளிப்படையாகக் குறித்திருந்தாலன்றி, அதன் குக்கி உடன் செல்லாது. கட்டணம் செலுத்தச் சென்றவர் வங்கியிலிருந்து திரும்பும் வழி பெரும்பாலும் இத்தகைய கோரிக்கைதான். வில்லை இல்லாமல் திரும்புபவரைத் தளம் அடையாளம் காணாமல், மீண்டும் உள்நுழையச் சொல்கிறது. கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். விண்ணப்பத்தில் 'கட்டணம் செலுத்தப்படவில்லை' என்றிருக்கும். பதறி மறுமுறை பணம் கட்டுவோர் எத்தனை பேர்! பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, திரையைப் படம்பிடித்து, எழுத்தில் முறையிடுவதே அவர்க்குரிய வழி. தளம் நடத்துவோர் தம் குக்கியில் உரிய குறிப்பைச் சேர்த்தால் தீரும் குறை இது. அதைச் செய்யாமல், 'உலாவியின் பாதுகாப்புகளை நீக்கிவிட்டு முயல்க' என்று முகப்பில் அறிவிப்பு எழுதுவது, வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் தம் வீட்டைத் திறந்துபோட்டு வரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

'மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?' எனப் பெரியோர் சிலர் வினவுவர். அவர்தம் நேர்மையில் பிறந்த வினா அது. ஆயின் ஒரு விண்ணப்பத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்: ஆதார் எண், தந்தையின் வருமானம், வங்கிக் கணக்கு, சமூகச் சான்று, வீட்டு முகவரி, மகளின் ஒளிப்படம், அவளுடைய கைப்பேசி எண். வீட்டுக்கு வரும் அயலாரிடம் இவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுப்போமா? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகத்து 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2023-இல் சட்டமும் இயற்றியது.

பிரவுசிங் சென்டர்க்காரர் எல்லாரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து ஏழை மாணவர்க்குப் படிவம் நிரப்பித் தந்தவர்களை நாம் அறிவோம். ஆயினும் மாணவியர் சிலர் தம் எண்ணைப் பதிவு செய்யத் தயங்கி, மையத்தாரின் எண்ணையே கொடுத்துவிடுகின்றனர். கடவுச்சொல்லும் அவர் குறிப்பேட்டில் இருக்கிறது. மறு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய நாளில் ஓ.டி.பி. அவருக்குச் செல்கிறது; அவரோ கடையை மூடிவிட்டு வெளியூர் போயிருக்கிறார். நம் துறை மாணவி ஒருவர் இவ்வாறே ஓராண்டு உதவித்தொகையை இழந்தார். தம் எண்ணை ஓர் அயலாரிடம் தர அஞ்சியது அவர் பிழையன்று. அதனைத் தராமலே தம் கைப்பேசியில் தாமே விண்ணப்பிக்க அவருக்கு யாரும் கற்றுத் தராததே பிழை. அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. யாப்பும் அணியும் கற்பிக்கும் நாம், இதுவும் நம் வேலையா என்று ஒதுங்கியிருந்தோம்.

எனவே நிருவாகத்தார்முன் இரண்டு வேண்டுகோள்களை வைத்துள்ளோம். விண்ணப்பப் பருவம் தொடங்குமுன், உதவித்தொகை, சேர்க்கை, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குரிய தளங்களைக் கல்லூரி வலையமைப்பின் வடிகட்டி தடுக்கிறதா எனக் கணினித்துறையினர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தரவேண்டும். இறுதி நாளுக்கு முந்தைய இரு வாரங்களில் மாலைதோறும் ஒரு மேசையில் ஆசிரியர் ஒருவரும் மூத்த மாணவியர் இருவரும் அமர்ந்து உதவவேண்டும். படிவத்தை மாணவரே நிரப்ப வேண்டும், கடவுச்சொல்லை யாரும் கேட்கலாகாது. மேசைக்கு நூலக வாயிலருகே இடம் ஒதுக்குவதாக நூலகர் இசைந்திருக்கிறார். கணினி இன்னும் வந்து சேரவில்லை.